முதல் மொழிபெயர்ப்பு வேலை



"மூன்று மொழிகள் பேசுகிறேன், ஆயினும் எந்த நிறுவனமும் என்னை மொழிபெயர்ப்பாளராகச் சேர்க்கவில்லையே" என்று பெருநகரங்களில் வளர்ந்த நம் பிள்ளைகள் அநேகர் வருந்துகிறார்கள். பேசுவது வேறு, எழுதுவது வேறு. வீட்டில் மட்டும் தமிழ் பேசி வளர்ந்தவருக்குப் பிழையின்றி ஒரு பக்கம் எழுதுவது கடினமே. தேர்வில் சோதிக்கப்படுவதோ அதுதான்.

மத்திய அரசில் இளநிலை இந்தி மொழிபெயர்ப்பாளர் பணிக்குப் பணியாளர் தேர்வாணையம் தேர்வு நடத்துகிறது. முதுகலைப் பட்டத்துடன், மொழிபெயர்ப்புச் சான்றிதழோ இரண்டாண்டு அனுபவமோ அதற்கு வேண்டும். தமிழில் எழுதுவோருக்குத் தனியார் நிறுவனங்களும் வாசலாகும். இயந்திரம் மொழிபெயர்த்ததைத் திருத்தும் வேலையே முதலில் கிடைத்தாலும் அதை அற்பமாக எண்ணாதேயுங்கள். பிழை காணும் கண் அங்கேதான் பழகும்.

அனுபவம் இல்லையா? மருத்துவம், சட்டம், வங்கி ஆகியவற்றுள் ஒரு துறையைத் தெரிந்துகொள்ளுங்கள். அதில் மூன்று பக்கங்களை மொழிபெயர்த்து, மூலத்தைக் காணாத ஒருவரிடம் வாசிக்கக் கொடுங்கள். அவர் தடுமாறும் இடங்களைத் திருத்துங்கள். யூனிகோடு தட்டச்சும் பழகுங்கள். விண்ணப்பத்துடன் அப்பக்கங்களையும் அனுப்புங்கள்; உங்கள் திறமைக்கு அவையே சாட்சி.

பெற்றோரே, இன்று மாலையே உங்கள் பிள்ளையின் கையில் ஒரு தமிழ் நாளிதழைக் கொடுங்கள். பயிற்சி அங்கே தொடங்கட்டும்.