பவளத் தொட்டிக்கு எந்த விளக்கு?

"மெட்டல் ஹாலைடு நல்லதா, எல்இடி நல்லதாண்ணே?" விழுப்புரத்திலிருந்து வந்த தம்பி, டீ கிளாஸ் கைக்கு வருவதற்குள் கேட்டுவிட்டான். மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத்தில் கண்ணாடித் தொட்டி தயார். உப்பு, பம்ப், ஸ்கிம்மர் எல்லாம் சென்னை கொளத்தூரில் வாங்கியாகிவிட்டது. மிச்சம் விளக்குதான். திண்டிவனம் டீக்கடை பெஞ்சில் அவனிடம் சொன்னதை, அதே யோசனையில் இருக்கும் மற்றவர்களுக்காகவும் இங்கே எழுதுகிறேன்.

"தொட்டியில எதை வளர்க்கப் போற?" என்றேன். "பவளம்தான்." "எந்தப் பவளம்?" அதற்கு அவனிடம் பதில் இல்லை. விளக்குக் கணக்கு அந்தப் பதிலில்தான் ஆரம்பிக்கிறது.

பவளம் பார்க்கச் செடி மாதிரி இருந்தாலும் அது ஒரு பிராணி. அதன் தசைக்குள் ஸூசாந்தெல்லே என்ற ஒற்றைச் செல் பாசி லட்சக்கணக்கில் இருக்கும். வெளிச்சத்தை வைத்து அந்தப் பாசி தயாரிக்கும் சர்க்கரையில் பெரும்பங்கு பவளத்துக்குப் போகிறது. பவளத்தின் கழிவு பாசிக்கு உரமாகிறது. ஆகவே நாம் விளக்குப் போடுவது அந்தப் பாசிக்காக. கடல்நீர் சிவப்பு ஒளியை முதல் சில மீட்டர் ஆழத்திலேயே உறிஞ்சிவிடும். ஆழத்துக்கு இறங்குவது நீலம். அதனால் இந்தப் பாசியின் நிறமிகள் 400 முதல் 500 நானோமீட்டர் வரையுள்ள ஊதா, நீலப் பகுதியை நன்றாகப் பிடிக்கும்படி அமைந்திருக்கின்றன. பவளத் தொட்டிகள் நீலமாகத் தெரிவதற்குக் காரணம் அழகு மட்டும் அல்ல.

"அப்ப எத்தனை வாட் போடணும்?" என்றான். வாட் என்பது ஏரி மதகில் எவ்வளவு தண்ணீர் திறந்தார்கள் என்ற கணக்கு. கடைமடை வயலுக்கு எவ்வளவு வந்து சேர்ந்தது என்பது வேறு கணக்கு. பவளம் கடைமடையில் உட்கார்ந்திருக்கிறது. அங்கே வந்து விழும் ஒளியை 'பார்' என்ற அளவில் சொல்வார்கள். ஒளிச்சேர்க்கைக்கு உதவும் 400 முதல் 700 நானோமீட்டர் வரையுள்ள ஒளித்துகள்கள் ஒரு சதுர மீட்டரில் ஒரு நொடிக்கு எத்தனை விழுகின்றன என்பதே அது. உச்சிவெயிலில் நம் ஊர் மொட்டை மாடியில் இது 2,000 அளவில் இருக்கும். தொட்டியில் காளான் பவளம், மென்பவளம், சோயாந்திட் போன்றவற்றுக்கு 50 முதல் 150 வரை போதும். மான்கொம்பு போலக் கிளைவிடும் அக்ரோபோரா வகைகளுக்கு 200 முதல் 400 வரை வேண்டும்.

மெட்டல் ஹாலைடின் புகழெல்லாம் அந்த இரண்டாவது கூட்டத்தால் வந்தது. 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் உருவான விளக்கு இது. குவார்ட்ஸ் குழாய்க்குள் பாதரசமும் உலோக உப்புகளும் இருக்கும். மின்வில் பாய்ந்ததும் அவை ஆவியாகி ஒளிரும். கண்ணைக் கூசும் வெளிச்சம் ஒரே புள்ளியிலிருந்து வருவதால், நீர்ப்பரப்பின் அலை அடியில் கோடுகோடாக நெளிந்து ஓடும். கடலுக்குள் பார்க்கும் அதே நெளிவு. ஜெர்மனியின் பவளத் தொட்டிக்காரர்கள் இதைத் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். பாறை கட்டும் பவளங்களை வீட்டுத் தொட்டியில் உயிரோடு வளர்க்க முடியும் என்று காட்டியதில் இந்த விளக்குக்குப் பெரிய பங்கு உண்டு.

இங்கேதான் சட்டம் குறுக்கே வருகிறது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், பாறை கட்டும் பவளங்கள் அத்தனையும் 2001இல் சேர்க்கப்பட்டன. கரும்பவளம், நெருப்புப் பவளம், கடல் விசிறி ஆகியவையும் அதில் உண்டு. புலியும் யானையும் இருக்கும் அதே அட்டவணை. குற்றம் நிரூபணமானால் மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை, அதோடு அபராதம். உயிரோடு இருப்பதற்கு மட்டும்தான் இந்தச் சட்டம் என்று நினைக்க வேண்டாம். செத்துப்போன வெள்ளைப் பவளக் கல்லைத் தொட்டியில் அலங்காரமாக வைப்பதும் வம்புதான். பாறைக்குச் செயற்கைக் கல் போதும்.

காரணம் இல்லாமல் வந்த சட்டம் அல்ல. ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையில் 21 தீவுகளோடு 1986இல் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. அதற்குப் பிறகும் அங்கே சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளக் கல்லை வெட்டி எடுத்திருக்கிறார்கள். பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் நீருக்குள் போயே விட்டன.

"அப்ப நான் எதை வளர்க்கறது?" என்று தம்பியின் முகம் சுருங்கியது. காளான் பவளம், சோயாந்திட், தோல் பவளம் எனும் மென்பவளம் ஆகியவை பாறை கட்டாத வேறு பிரிவு. ஹாபிக்காரர்கள் சட்டத்துக்கு உட்பட்டு நிற்கப் பார்ப்பது இவற்றோடுதான். அதற்காகக் கடலில் இறங்கி அறுத்துக்கொண்டு வரலாம் என்று அர்த்தம் இல்லை. பூங்கா எல்லைக்குள் எதையும் எடுக்கக்கூடாது. தொட்டியில் வெட்டிப் பெருக்கிய துண்டை, எங்கிருந்து வந்தது என்று கேட்டு, ரசீதோடு வாங்க வேண்டும். சந்தேகம் இருந்தால் பணம் கொடுப்பதற்கு முன்னால் வனத்துறை அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

இப்போது விளக்குக்குத் திரும்புவோம். வளர்க்கப்போவது 50 முதல் 150 'பார்' கேட்கும் உயிர்கள். தொட்டியின் ஆழம் ஒன்றரை அடி. இந்த ஆழத்துக்கு 90, 100 வாட் அளவிலான நல்ல எல்இடியே அதிகம். பாதி வேகத்தில் ஓட்டினாலும் போதும். ஹாலைடின் பெரிய பலமே இவனுக்குத் தேவைப்படவில்லை.

அந்தப் பலத்தோடு சேர்ந்து வரும் சூட்டையும் பார்க்கலாம். 250 வாட் ஹாலைடு, சோக்கில் போகும் நஷ்டத்தையும் சேர்த்து 280 வாட் இழுக்கும் என்று வைத்துக்கொள். எட்டு மணி நேரம் எரிந்தால் 2.24 யூனிட். உன் தொட்டியில் சுமார் 180 லிட்டர் தண்ணீர். அந்த யூனிட்டில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் சூடாகத் தண்ணீருக்குள் இறங்கினாலும், கணக்குப்படி ஒரு பகலில் மூன்றரை டிகிரி ஏறும். ஆவியாவதால் கொஞ்சம் இறங்கும், அவ்வளவுதான். எல்இடியும் சூடாகிற பொருள்தான். ஆனால் அதன் சூடு மேலே அலுமினியப் பட்டைக்கும் விசிறிக்கும் போகிறது. ஹாலைடோ அகச்சிவப்புக் கதிராக நேரே கீழே தண்ணீருக்குள் அனுப்புகிறது.

குளிர்நாட்டில் இந்தச் சூடு ஒரு வசதி. ஹீட்டர் செலவு மிச்சம். அக்னி நட்சத்திரத்தில் விழுப்புரத்து வீட்டுக்குள் தொட்டித் தண்ணீர் விளக்கே போடாமல் 31 டிகிரியில் நிற்கும். மென்பவளங்களுக்கு 25, 26 டிகிரி சுகம். கடலிலேயே வெப்பம் வழக்கத்தைவிட ஒரு டிகிரி கூடிச் சில வாரம் நீடித்தால் பவளம் தன் பாசியை வெளியே தள்ளிவிட்டு வெளிறிப்போகும். மன்னார் வளைகுடாவில் 2010லும் 2016லும் பெரிய அளவில் நடந்தது அதுதான். ஆகவே ஹாலைடு வாங்குகிறவன் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லரையும் சேர்த்தே வாங்குகிறான்.

கரண்ட் பில்லையும் போட்டுப் பார்த்தோம். 250 வாட் ஹாலைடு இரண்டு மாதத்தில் சுமார் 134 யூனிட். 100 வாட் எல்இடி முழு வேகத்தில் ஓடினாலும் 48 யூனிட். கோடையில் எந்த விளக்கானாலும் சில்லர் தேவைப்படலாம். ஆனால் ஹாலைடுக்குக் கீழே அது ஓயாமல் ஓடும். 250 வாட் சில்லர் நாளுக்குப் பத்து மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 150 யூனிட். விளக்கும் சில்லரும் சேர்ந்தே 284 ஆயிற்று. வீட்டில் ஏசி, ஃபிரிட்ஜ், மோட்டார் வேறு இருக்கிறது. இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் மலிவான படிநிலை கைவிட்டுப் போய், கட்டணமே வேறு அட்டவணைக்கு மாறிவிடும். தம்பி இதைக் கேட்டதும்தான் முதல் தடவையாக டீயைக் கீழே வைத்தான்.

இன்னொன்று நம் ஊர்க்காரர்கள் எல்லோரும் கண்ணால் பார்த்தது. இரவு கபடிப் போட்டி நடக்கும்போது கரண்ட் போகும். ஜெனரேட்டர் போட்டதும் டியூப் லைட்டெல்லாம் எரியும். கம்பத்து ஃபோகஸ் லைட்டு மட்டும் எரியாது. மைக்செட்காரர் பாட்டுப் போட்டுச் சமாளிப்பார். பத்து நிமிடம் கழித்து மங்கலாக ஆரம்பித்து மெதுவாக ஏறும். அந்த விளக்கும் ஹாலைடுதான். சூடாக இருக்கும்போது குழாய்க்குள் அழுத்தம் அதிகம். இக்னைட்டரால் மறுபடி மின்வில்லைக் கிளப்ப முடியாது. ஆறினால்தான் எரியும். லோ வோல்டேஜிலும் பட்டென்று அணைந்துவிடும். பத்து நிமிட இருட்டில் பவளத்துக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் ஒரு நாளில் நாலு தடவை அணைந்து எரிந்தால் பல்பின் ஆயுள் குறையும்.

கரண்ட் கட்டில் உயிரை எடுப்பது இருட்டு அல்ல, பம்ப் நிற்பது. தண்ணீர் ஓட்டம் நின்றால் ஆக்சிஜன் இறங்கும், மீன்தான் முதலில் போகும். விளக்கில் மிச்சமாகிற பணத்தில் அலைப் பம்பை இன்வெர்ட்டரில் இணைத்துவிடு. விளக்கை இன்வெர்ட்டரில் போட வேண்டியதே இல்லை.

"ஃபோகஸ் லைட்டு பல்பு நம்ம ஊரு எலக்ட்ரிக் கடையிலயே கிடைக்குமேண்ணே, சல்லிசா?" என்றான். கிடைக்கும். ஆனால் மைதானத்துக்கான பல்பின் நிறம் 4,000 சொச்சம் கெல்வின், மஞ்சள் கலந்த வெள்ளை. பவளத் தொட்டிக்கு 10,000, 14,000, 20,000 கெல்வின் என்று நீலம் ஏறிய பல்பு வேண்டும். மைதானப் பல்பைப் போட்டால் வேண்டாத பாசி கண்ணாடி முழுக்க ஏறும். சரியான பல்பே போட்டாலும் எரிய எரிய நிறம் மாறிவிடும் என்று பத்து, பன்னிரண்டு மாதத்துக்கு ஒரு தடவை மாற்றுவது வழக்கம். இரண்டு முனைப் பல்பாக இருந்தால் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி இல்லாமல் எரிக்கவே கூடாது. பவளமும் கருகும், பார்க்கிற கண்ணும் கெடும்.

எல்இடியில் குறையே இல்லை என்று சொல்லவில்லை. பளிச்சென்று எரியும் நீல எல்இடி 1990களில்தான் வந்தது. அதைச் சாத்தியமாக்கிய அகாசாகி, அமானோ, நகாமுரா மூவருக்கும் 2014இல் இயற்பியல் நோபல் கிடைத்தது. பவளத்துப் பாசிக்கு வேண்டிய 450 நானோமீட்டர் நீலத்தை நேராகத் தருவது அந்த வகைச் சில்லுதான். சிக்கலும் அதே நீலத்தில் இருக்கிறது. நம் கண் பச்சையைத்தான் அதிகம் உணரும். நீல வெளிச்சம் மங்கலாகத் தெரிவதால், போதவில்லை என்று நூறு சதவீதத்துக்கு ஏற்றிவிடுவோம். அடியில் இருக்கும் காளான் பவளம் இரண்டு வாரத்தில் சுருங்கி வெளிறும். லக்ஸ் மீட்டரும் கண்ணைப் போலவே ஏமாறும். புது எல்இடியை 30, 40 சதவீதத்தில் தொடங்கி, வாரத்துக்கு ஐந்து சதவீதம் என்று ஏற்றினால் போதும். காளான் பவளம் தட்டையாக விரிந்து கிடந்தால் வெளிச்சம் சரி. கிண்ணம் போல ஓரத்தை மடக்கினால் அதிகம். தண்டு நீண்டு மேலே எக்கினால் போதவில்லை.

இரண்டாவது சிக்கல் நிழல். ஒரே பெரிய விளக்கை நடுவில் தொங்கவிட்டால் இரண்டு ஓரமும் இருட்டும், கல்லின் அடிப்பக்கம் செத்துப்போகும். மூன்றடித் தொட்டிக்குச் சின்னதாக இரண்டு விளக்கு மேல். மூன்றாவது, உப்பு. மரக்காணம் உப்பளத்துப் பக்கம் வீட்டு ஜன்னல் கம்பி என்ன ஆகிறது என்று பார்த்திருப்பாய். தொட்டியிலிருந்து தெறிக்கும் உப்புநீர் அதே வேலையை விளக்குக்குள் செய்யும். எல்இடி 50,000 மணி நேரம் உழைக்கும் என்று அட்டையில் போட்டிருப்பார்கள். நாளுக்கு எட்டு மணி நேரம் என்றால் 17 வருஷம். அதற்கு வெகு முன்பே விசிறியும் டிரைவரும் போய்விடும். ஆகவே வாங்கும்போது விசிறியும் டிரைவரும் தனியாகக் கிடைக்குமா என்று கேட்க வேண்டும். மாதம் ஒரு தடவை விளக்கைத் துடைத்து, ஒரு அடி உயரத்தில் தொங்கவிட்டு, வோல்டேஜ் எகிறினால் தாங்கும்படி ஸ்டெபிலைசர் ஒன்றும் போட்டுவிட வேண்டும்.

ஆழமான பெரிய காட்சித் தொட்டிக்கும், ஏசி நாள் முழுக்க ஓடும் கட்டடத்துக்கும் ஹாலைடு இன்றும் பொருந்தலாம். விழுப்புரத்து வீட்டு ஹாலில், சட்டம் விட்டுவைத்திருக்கும் மென்பவளங்களுக்கு, பாதி வேகத்தில் எரியும் இரண்டு சின்ன எல்இடி போதும் என்று தம்பியிடம் சொல்லி முடித்தேன்.

கிளம்பும்போது அவனிடம் இன்னொன்றும் சொன்னேன். கடைக்காரர் "எத்தனை வாட் வேணும்?" என்று கேட்டால், "ஒன்றரை அடி ஆழத்தில் எத்தனை பார் வரும்?" என்று திருப்பிக் கேள். சொல்லத் தெரிந்தவரிடம் விளக்கு வாங்கு. தெரியாதவரிடம் மீன் தீவனம் மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிடு.