'யு.எஸ்-ல சீப்பா கிடைக்குது!' - சிபாப் மெஷினை வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும் முன்...

என் பெரியப்பா குறட்டைவிட ஆரம்பித்தால் தெருநாய்கூட எழுந்து உட்காரும். திடீர்னு சத்தம் நிற்கும். 'அப்பாடா' என்று நாம் கண்ணை மூடும்போது, மூச்சுத் திணறி மறுபடி தொடங்குவார். அந்த அமைதிதான் ஆபத்து. தூக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப்பாதை அடைபடும் 'ஸ்லீப் ஆப்னியா' அது. டாக்டர் சிபாப் மெஷின் எழுதிக்கொடுத்தார். விலையைக் கேட்டு வீடே ஜெர்க் ஆக, நியூஜெர்சியில் இருக்கும் அண்ணன், "நான் வர்றப்ப வாங்கிட்டு வர்றேன்" என்றான். மெஷின் வந்தது. நாலு மாசம் கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தது.

உங்க வீட்டிலும் இப்படி ஒரு அண்ணனோ சித்தப்பாவோ இருக்கலாம். அவருக்கு வாட்ஸ்அப் அனுப்பும் முன் ஒரு நிமிஷம்.

சிபாப் செய்வது எளிமையான வேலை. அறைக் காற்றை இழுத்து, அழுத்தத்தோடு மாஸ்க் வழியா அனுப்பி, தொண்டை மூடிக்கொள்ளாமல் திறந்து வைக்கும். சிட்னியைச் சேர்ந்த டாக்டர் காலின் சல்லிவன் குழு 1981-ல் இதை உலகத்துக்குச் சொன்னது. ஆனால், எவ்வளவு அழுத்தம் என்பது ஆளுக்கு ஆள் மாறும். வழக்கமான மெஷின்கள் 4 முதல் 20 வரை (தண்ணீர் சென்டிமீட்டர் கணக்கில்) கொடுக்கும். அதில் உங்களுக்கு எது என்று ஸ்லீப் ஸ்டடியும் டாக்டரும்தான் சொல்லணும். 'குறட்டைதானே' என்று டெஸ்ட் எடுக்காமல் மெஷின் வாங்குவது, கண் டெஸ்ட் பண்ணாமல் கண்ணாடி வாங்குற மாதிரி.

சரி, வெளிநாட்டில் ஏன் அவ்வளவு சீப்? இங்கேதான் நீங்க உஷாரா இருக்கணும். அமெரிக்காவில் டாக்டர் சீட்டு இல்லாமல் சிபாப் விற்கக் கூடாது. "சீட்டெல்லாம் கேட்கலை, பாதி விலைக்குக் கிடைச்சுது" என்றால், அது கைமாறிய மெஷினா என்று கேளுங்க. 2021 ஜூனில் பிலிப்ஸ் நிறுவனம் லட்சக்கணக்கான மெஷின்களைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. சத்தத்தைக் குறைக்க உள்ளே வைத்த ஃபோம் உதிர்ந்து, துகள்கள் மூச்சோடு உள்ளே போகலாம் என்பது காரணம். முதல் தலைமுறை 'ட்ரீம்ஸ்டேஷன்' அதில் உண்டு. பழைய மெஷின் என்றால் சீரியல் நம்பரின் போட்டோவை வாங்கி, திரும்பப் பெற்ற பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்க. காசு கொடுக்கும் முன்னாடியே!

கரன்ட் பற்றிப் பலர் பயப்படுவார்கள். அடாப்டரில் '100-240V, 50/60Hz' என்று இருந்தால் பிளக்கை மட்டும் மாற்றினால் போதும். வெறும் 110 என்று இருந்தால் நம்ம 230 வோல்ட்டில் செருகிடாதீங்க.

பெரிய தலைவலி வாரன்டி. பல கம்பெனிகள் வாங்கிய நாட்டில்தான் அதைத் தரும். நடுராத்திரி மெஷின் நின்றுபோனால் நியூஜெர்சிக்கா அனுப்புவீங்க? செல்போன் நெட்வொர்க் வழியா டாக்டருக்கு ரிப்போர்ட் அனுப்பும் மாடல்கள் இங்கே வந்ததும் ஊமையாகிவிடலாம். எஸ்டி கார்டு ஸ்லாட் இருந்தால் தப்பித்தீங்க. கார்டை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போகலாம். இதோடு கஸ்டம்ஸ், கூரியர் செலவையும் கூட்டிவிட்டு உள்ளூர் விலையோடு ஒப்பிடுங்க. மிச்சம் எவ்வளவு என்று அப்போது தெரியும்.

என்னைக் கேட்டால், மெஷினை வெளிநாட்டில் வாங்கினாலும் மாஸ்க்கை இங்கேயே, முகத்தில் போட்டுப் பார்த்து வாங்குங்க. மூக்கை மட்டும் மூடுவது, மூக்குத் துவாரத்தில் பொருந்துவது, வாயையும் சேர்த்து மூடுவது என வகைகள் உண்டு. வாயைத் திறந்து தூங்குபவருக்கு முதல் இரண்டும் பெரும்பாலும் சரிப்படாது. பெரியப்பா கதையில் வில்லன் அதுதான். அண்ணன் கொண்டுவந்தது மூக்கு மாஸ்க். வாய் வழியா காற்று பீறிட, ரெண்டாம் நாளே கழற்றிப் போட்டார். வாயையும் மூடும் மாஸ்க்கை இங்கேயே வாங்கி, டாக்டரிடம் மெஷினைக் கொண்டுபோய் அழுத்தத்தையும் சரிபார்த்த பிறகு, இப்போது தினமும் போட்டுக்கொள்கிறார். "விண்வெளிக்குப் போற மாதிரி இருக்குடா" என்று ஒரு புலம்பல் மட்டும் பாக்கி.

அண்ணன் கிளம்புவதற்கு முன் இன்னொன்று சொல்லுங்க: மெஷினை செக்-இன் பெட்டியில் போடாமல் கைப்பையில் கொண்டுவரட்டும். ஹ்யூமிடிஃபையர் தொட்டியில் ஒரு சொட்டுத் தண்ணீர் இருக்கக் கூடாது.