இன்ஷூரன்ஸ் வழக்கறிஞர் பங்காளியாகும் வழி

மும்பை, தில்லி, கொல்கத்தா முதலிய நகரங்களில் வாழும் நம்மவர் பிள்ளைகளுள் சட்டம் பயில்வோர் பலர் உளர். இன்ஷூரன்ஸ் வழக்குகளையே தம் துறையாகக் கொண்டு, வழக்கறிஞர் நிறுவனம் ஒன்றில் பங்காளியாக உயர வேண்டுமென்று அவர்களுள் சிலர் விழைகின்றனர். அவ்வழி எத்தகையது, அதன் முடிவில் கிட்டுவது யாது என்பவற்றை இங்கே ஆராய்வோம்.

ஆயுள் இன்ஷூரன்ஸ் 1956இல் நாட்டுடைமையாயிற்று. 1973 முதல் பொது இன்ஷூரன்ஸும் அவ்வாறே ஆயிற்று. 1999ஆம் ஆண்டுச் சட்டம் தனியார் கம்பெனிகளுக்கு மீண்டும் இடமளித்தது. கம்பெனிகள் பெருகவே, அவற்றிற்குச் சட்ட ஆலோசனை கூறுவோரின் தேவையும் பெருகிற்று.

சட்டப் பட்டம் பெற்றவர் மாநில வழக்கறிஞர் மன்றம் ஒன்றில் பதிவு செய்துகொண்டு, அகில இந்திய வழக்கறிஞர் தேர்விலும் தேற வேண்டும். ஒரு மாநிலத்தில் பதிந்தவர் நாடெங்கும் தொழில் நடத்தலாம் என்பது 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர் சட்டத்தின் கொள்கை. இதற்கான பிரிவு 2011இல்தான் நடைமுறைக்கு வந்தது. எனினும், உள்ளூர் வழக்கறிஞர் ஒருவரையும் உடன் சேர்த்துக்கொள்ளுமாறு பணிக்கும் ஹைகோர்ட்டுகளும் உண்டு. கீழ்க்கோர்ட்டுகளிலோ அவ்வட்டார மொழியறிவு இன்றியமையாதது. புகுந்த ஊரின் மொழியைப் பள்ளியிலேயே கற்ற நம் பிள்ளைகளுக்கு இது ஒரு நற்பேறே.

தொடக்க ஆண்டுகள் கோப்புகளோடு கழியும். மோட்டார் விபத்து நஷ்டஈட்டு வழக்குகள், தீ விபத்தில் சர்வேயர் தந்த அறிக்கை, இறந்தவரின் மருத்துவக் குறிப்புகள் ஆகியவற்றை வரி வரியாகப் படிக்க வேண்டும். ஆயுள் பாலிஸி எடுத்து மூன்று ஆண்டுகள் கடந்தபின் எக்காரணம் பற்றியும் அதன் செல்லுபடியை ஆட்சேபிக்க இயலாது என்பது 2015ஆம் ஆண்டுத் திருத்தம். இத்தகைய விதிகளை அறிந்து, “இக்கோரிக்கையை மறுப்பதற்கில்லை, பணத்தைக் கொடுத்துவிடுங்கள்” என்று கம்பெனிக்கு எடுத்துரைக்கும் துணிவு உடையவரே நல்ல ஆலோசகர். அச்சொல்லை நம்பித்தான் ஒரு குடும்பத்தின் வாழ்வு காத்திருக்கின்றது.

அஸோஸியேட்டாகச் சேர்ந்தவர் சில ஆண்டுகளில் சீனியர் அஸோஸியேட் ஆகின்றார். பங்காளியாவதற்கு இத்தனை ஆண்டுகள் என்று சட்டம் வரையறுக்கவில்லை. சட்ட அறிவோடு, கட்சிக்காரர்கள் அவரை நாடி வருகின்றனரா என்பதையும் மூத்தோர் நோக்குவர். விளம்பரம் செய்து வேலை தேடுவது வழக்கறிஞர் மன்ற விதிகளுக்கு மாறானது. ஆதலின், செய்த வேலையால் பெற்ற நற்பெயரே அவருடைய முதல்.

நம் ஊர்களில் பங்காளி என்றால் பிறப்பால் சொத்தில் பங்குடைய தாயாதியைக் குறிக்கும். நிறுவனப் பங்காளியோ ஒப்பந்தத்தால் பங்கு பெறுபவர். இலாபத்தோடு பொறுப்பையும் ஏற்பவர். 1932ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டப்படி அமைந்த நிறுவனத்தில், ஒருவர் தொழில் முறையில் செய்ததற்கு எல்லாரும் கடன்பட்டவராவர். 2008ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த வரம்புடைய கூட்டாண்மையிலோ, பிறர் தவறு ஒருவரைச் சாராது. தம் தவறு தம்மையே சாரும். பெயரளவில் பங்காளியாகி, இலாபத்தில் பங்கின்றி ஊதியம் மட்டும் பெறுவோரும் உளர். ஆகவே, எவ்வளவு முதல் இட வேண்டும், இலாபத்தில் பங்கு எவ்வளவு, விலகும்போது என்ன கிடைக்கும் என்பவற்றைப் பத்திரத்தில் பார்த்துத் தெளிந்த பின்னரே கையொப்பமிட வேண்டும்.

இன்ஷூரன்ஸ் ஒப்பந்தத்தின் உயிர்நிலை, இரு தரப்பாரும் உண்மையை ஒளிக்காது உரைத்தலாகும். பங்காளிகளும் ஒருவர்க்கொருவர் மெய்யான கணக்கையும் முழுச் செய்தியையும் தருதல் வேண்டும் என 1932ஆம் ஆண்டுச் சட்டம் விதிக்கின்றது. பல்லாண்டுகள் பிறருடைய விண்ணப்பங்களில் வாய்மையைத் தேடியவர், பங்காளியான அன்று தாமும் அதே சோதனைக்கு உட்படுகின்றார். பிள்ளைகளை இத்துறைக்கு அனுப்பும் பெற்றோர், பதவியின் பெருமையோடு இப்பொறுப்பையும் அவர்களுக்கு எடுத்துரைப்பார்களாக.