பத்துக்குப் பத்து கோலியில் பச்சைக் குழந்தைக்கு எங்கே படுக்கை?

தாராவியில் ஒரு வீட்டில் பிள்ளை பிறந்தால், என்ன பெயர் வைப்பது என்ற கேள்விக்கு முன்பே இன்னொரு கேள்வி வந்துவிடுகிறது. பிள்ளையை எங்கே படுக்க வைப்பது?

பத்துக்குப் பத்து அடி கோலி. சமையல் அதிலேதான். பீரோவும் தண்ணீர் டிரம்மும் அதிலேதான். மிச்சமிருக்கும் தரையில்தான் பெரியவர்கள் படுக்க வேண்டும். மழைக்காலத்தில் அந்தத் தரையும் ஈரம். இரவில் எலி வேறு.

பேறுகாலம் பார்க்க நெல்லையிலிருந்து வந்த ஆச்சி, பழைய நூல் சேலையை எடுத்துத் தொட்டில் கட்டச் சொல்கிறார். பேத்தியோ கைபேசியில் ‘பேபி நெஸ்ட்’ படத்தைக் காட்டி, “இதை வாங்கலாம் ஆச்சி” என்கிறாள். லேபர் கேம்ப்பிலும் சரி, செம்பூரிலும் சரி, இன்று பல வீடுகளில் இதே வழக்குதான்.

பஞ்சுக் கூடு

‘நெஸ்ட்’ என்றால் கூடு. நான்கு புறமும் பஞ்சு திணித்த சுருள், நடுவில் மெத்தென்ற குழி. பார்க்க அழகுதான். ஆயிரம், இரண்டாயிரம் ரூபாய் ஆகிறது. தாயின் வயிற்றுக்குள் இருப்பதுபோல் குழந்தை தூங்கும் என்று விளம்பரம் செய்கிறார்கள். கோளாறே அங்கேதான். வயிற்றுக்குள் இருந்தவரை பிள்ளைக்கு மூக்கால் மூச்சு விட வேண்டிய வேலை இல்லை. வெளியே வந்த பிறகு ஒவ்வொரு நிமிடமும் விட்டாக வேண்டும்.

பச்சைக் குழந்தைக்குத் தலை கனம். கழுத்தில் பலம் கிடையாது. பஞ்சுச் சுவரில் மூக்கு புதைந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளத் தெரியாது. தலை முன்னால் சரிந்து தாடை நெஞ்சில் படிந்தால் மூச்சுக்குழல் மடங்கும். அழும் சத்தம்கூட வராது. பக்கத்திலேயே தாய் படுத்திருந்தாலும் தெரியாமல் போகலாம்.

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. அமெரிக்காவில் ‘பாப்பி’ என்ற கம்பெனி, பச்சைக் குழந்தைகளைச் சாய்த்து வைக்கும் சுமார் 33 லட்சம் மெத்தைகளை 2021 செப்டம்பரில் திரும்பப் பெற்றது. அவற்றில் கிடத்தப்பட்ட 8 குழந்தைகள் இறந்திருந்தன. சரிவான குழந்தைப் படுக்கைகளையும், தொட்டிலின் பக்கங்களில் கட்டும் பஞ்சுத் திண்டுகளையும் விற்கக் கூடாதென்று அடுத்த ஆண்டே அங்கு சட்டம் வந்தது.

சேலைத் தொட்டில்

அப்படியானால் ஆச்சி ஜெயித்தாரா? முழுதும் இல்லை.

தூளி, ஏணை, தொட்டில் என்று ஊருக்கு ஒரு பெயர் இதற்கு. பக்கத்து மராட்டியர்கள் ஜோளி என்பார்கள். இடமில்லாத வீட்டுக்கு இதைப்போல் வசதி ஏது? எலிக்கும் எறும்புக்கும் எட்டாது, தரை ஈரம் படாது, காசு செலவில்லை. ரயில்வேயில் வேலை பார்ப்பதால் இன்னொன்றும் சொல்லலாம். நாகர்கோவில் வண்டியில் இரண்டு மேல் பெர்த்துகளுக்கு நடுவே சேலைத் தொட்டில் ஆடாத நாள் அபூர்வம். 2022-ல் லக்னோ மெயிலில் கீழ் பெர்த்தை ஒட்டி மடக்கும் குழந்தைப் படுக்கை வைத்துச் சோதனை செய்தார்கள். நம் பெண்கள் அதற்கு வெகுகாலம் முன்பே வழி கண்டுவிட்டார்கள்.

ஆனால் துணித் தொட்டிலில் முதுகு வில்லாக வளைகிறது. கூட்டில் சொன்ன அதே ஆபத்து இங்கும் உண்டு. ‘ஆம்பி’ என்ற பெயரில் தூளி போன்ற தொங்கு படுக்கையை அமெரிக்காவில் விற்றார்கள். பக்கவாட்டில் சாய்ந்தபோது குழந்தைகள் உருண்டு துணியோடு அழுந்தி மூச்சுத் திணறின. இருவர் இறந்தனர். 2009 டிசம்பரில் சுமார் 24 ஆயிரம் படுக்கைகள் திரும்பப் பெறப்பட்டன.

பகலில் ஆச்சி கண் முன்னால், கொஞ்ச நேரம், சேலைத் தொட்டில் ஆடட்டும். துணி நூலாக இருக்க வேண்டும். நைலான், பாலியஸ்டர் வேண்டாம். இரு பக்கத் துணியும் முகத்தில் ஒட்டாமலிருக்கக் குறுக்கே கட்டை கொடுக்க வேண்டும். தரையிலிருந்து ஒரு முழத்துக்கு மேல் உயரம் எதற்கு? முடிச்சைத் தினமும் இழுத்துப் பார்க்க வேண்டும். மறுவாழ்வுத் திட்டக் கட்டிடங்களுக்குப் போனவர்கள் மின்விசிறிக் கொக்கியில் கட்டுகிறார்கள். அந்தக் கொக்கியை நம்பாதீர்கள்.

ராத்திரிக்கு

வீடே தூங்கும் இரவில் தூளியும் வேண்டாம், நெஸ்ட்டும் வேண்டாம். கெட்டியான, தட்டையான படுக்கை போதும். இரண்டு மூன்று ஜமுக்காளத்தை இறுக்கி மடித்தால் அதுவே மெத்தை. ஈரத்துக்கும் எலிக்கும் பயந்தால், தட்டையான அடிப்பலகையும் கம்பிப் பக்கங்களும் உள்ள சிறு மரக்கட்டில் செய்துகொள்ளலாம். நெஸ்ட்டுக்குப் போகும் பணத்தை அதில் போடுங்கள். பின்லாந்தில் 1938 முதல் அரசாங்கம் தாய்மார்களுக்குத் துணிமணியோடு ஓர் அட்டைப்பெட்டி தருகிறது. அடியில் சின்ன மெத்தை. அதுவே பல குழந்தைகளின் முதல் கட்டில்.

குழந்தையை மல்லாக்கத்தான் கிடத்த வேண்டும். குப்புறவோ ஒருக்களித்தோ வேண்டாம். குப்புறக் கிடத்த வேண்டாமென்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 1992-ல் சொன்னது. 1994-ல் நாடு முழுதும் பிரசாரம் நடந்தது. தூக்கத்தில் காரணம் தெரியாமல் குழந்தைகள் இறப்பது பத்தாண்டுகளில் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. இதற்குப் பைசா செலவில்லை.

தலையணை, தடித்த போர்வை, பொம்மை எதுவும் பக்கத்தில் வேண்டாம். கொசுவுக்குக் குடைவலை போதும். துணி முகத்தில் படாத அளவு பெரிதாக இருக்கட்டும். தாய் கையெட்டும் தூரத்தில், ஆனால் தனி விரிப்பில் குழந்தை இருக்க வேண்டும். குடித்துவிட்டு வந்த அப்பா அன்று மாளாவில் ஏறிப் படுக்கட்டும். இதை எழுதக் கூச்சமாக இருந்தாலும் எழுதாமல் விட முடியாது.

எடை குறைந்தோ மாதம் முந்தியோ பிறந்த பிள்ளைக்கு மட்டும் கணக்கு வேறு. தாயின் நெஞ்சே அதற்குப் படுக்கை. கொலம்பியா நாட்டின் பொகோட்டாவில் 1978-ல், இன்குபேட்டர் போதாத ஆஸ்பத்திரியில் தொடங்கிய ‘கங்காரு’ முறை இது. சயான் ஆஸ்பத்திரியில் வீட்டுக்கு அனுப்பும்போது நர்சுகளிடம் கேட்டு, கட்டும் விதத்தைப் பழகிக்கொள்ளுங்கள்.

குழந்தை புரள ஆரம்பித்த நாளில் தூளியை அவிழ்த்துவிட வேண்டும். அதுவரை, பிள்ளையை எடுத்த கையோடு சேலையைச் சுருட்டி உயரத்தில் போடுங்கள். தொங்கும் தூளியில் அக்காவும் அண்ணனும் ஊஞ்சலாடப் போய், சேலை முறுக்கிக் கழுத்தை இறுக்கிய செய்திகள் தமிழ்நாட்டுப் பத்திரிகைகளில் பலமுறை வந்திருக்கின்றன.