ஆதார் கார்டு கேட்கிறாரா? உஷார்!

மஞ்சள் விற்ற பணத்தோடு அரூரில் பஸ் ஏறுகிற விவசாயி, பணத்தை மடியில் முடிந்து கொள்வார். அடிக்கடி தொட்டுப் பார்த்துக் கொள்வார். பக்கத்தில் யார் உட்கார்ந்தாலும் ஒரு கண் வைத்திருப்பார்.

ஆனால் அவரே, ஆதார் கார்டு நகலை யார் கேட்டாலும் கொடுத்து விடுகிறார். "வெறும் காகிதம்தானே!" என்று நினைக்கிறார்.

அது வெறும் காகிதம் அல்ல. அதில் உள்ள 12 எண்களும் உங்களுக்கே உரியவை. அவற்றை வைத்துக் கொண்டு, உங்கள் பெயரில் இன்னொருவர் சிம் கார்டு வாங்கப் பார்க்கலாம். கடன் வாங்கப் பார்க்கலாம். விசாரணை வருவதோ உங்கள் வீட்டுக்கு!

2020-ல் நடந்த மோசடி

இது கற்பனை அல்ல. தமிழ்நாட்டிலேயே நடந்திருக்கிறது.

விவசாயிகளுக்கு ஆண்டுக்கு 6 ஆயிரம் ரூபாய் கொடுக்கும் "பி.எம். கிசான்" திட்டத்தை மத்திய அரசு 2019-ல் தொடங்கியது. 2 ஆயிரம் வீதம் 3 தவணை. பணம் நேராக பாங்கி கணக்குக்கு வரும்.

2020-ல் கொரோனா வந்தது. வேலை இல்லை. கையில் காசு இல்லை. அந்த நேரம் பார்த்து, தரகர்கள் கிராமங்களில் புகுந்தார்கள். கொரோனா நிவாரணம் வாங்கித் தருவதாகச் சொல்லி, ஆதார் கார்டு நகலையும் பாங்கி புத்தக நகலையும் வாங்கினார்கள். ஜனங்கள் நம்பிக் கொடுத்தார்கள்.

அதிகாரிகள் மட்டும் பயன்படுத்த வேண்டிய ரகசியச் சொல், வேறு சிலர் கைக்குப் போயிருந்தது. அவ்வளவுதான்! ஒரு சென்ட் நிலம் இல்லாதவர்களும் கம்ப்யூட்டரில் விவசாயிகள் ஆனார்கள். பணம் வந்தது. தரகர்கள் தங்கள் பங்கை வாங்கிக் கொண்டார்கள்.

குட்டு உடைந்தது. 5 லட்சத்து 95 ஆயிரம் பேருடைய கணக்குகளைச் சோதித்தார்கள். 5 லட்சத்து 38 ஆயிரம் பேர் தகுதி இல்லாதவர்கள்! போன பணம் 110 கோடி ரூபாய். 13 மாவட்டங்களில் வழக்குப் பதிவானது. 19 ஒப்பந்த ஊழியர்கள் உள்பட 52 பேர் கைதானார்கள்.

அரசாங்கம் பணத்தைத் திரும்பப் பிடித்தது. யாரிடம்? யார் கணக்கில் பணம் விழுந்ததோ, அவர்களிடம்! தரகருக்குக் கொடுத்த பங்கு போனது போனதுதான்.

தப்பிக்க வழி

நகல் கொடுக்க வேண்டியிருந்தால், "இன்ன வேலைக்கு மட்டும்" என்று அதன் மேலேயே எழுதுங்கள். தேதி போட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

கடைசி 4 எண்கள் மட்டும் தெரியும் ஆதார் நகலும் கிடைக்கிறது. முழு எண் தேவை இல்லாத இடத்தில் அதைக் கொடுத்தால் போதும்.

கைரேகை வைத்துப் பணம் எடுக்கிறவர்கள், எவ்வளவு தொகை என்று பார்த்த பிறகே விரலை வையுங்கள். ரசீது கேட்டு வாங்குங்கள். தேவை இல்லாதபோது, ஆதாரில் உள்ள கைரேகையைப் பூட்டி வைக்கவும் வசதி உண்டு.

போனில் வரும் ஓ.டி.பி. எண்ணை யாருக்கும் சொல்லாதீர்கள். எந்த பாங்கியும் அதைக் கேட்காது. கேட்கிறவன் திருடன்!

பெங்களூருக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போயிருக்கும் பிள்ளைகளே! ஊரில் இருக்கும் அப்பா, அம்மாவுக்கு இதை எடுத்துச் சொல்லுங்கள்.

ஏமாந்து விட்டால்?

வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். பாங்கிக்கும் சொல்லுங்கள். சீக்கிரம் சொன்னால், பணம் கைமாறுவதற்குள் தடுத்து நிறுத்த வழி உண்டு. நேரம் போகப் போக, பணம் பல கணக்குகளுக்குத் தாவி விடும்.

இனி யாராவது ஆதார் கார்டு கேட்டால், "எதற்கு?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். நேர்மையானவர் பதில் சொல்வார். மோசடிக்காரர் நழுவி விடுவார்!