தடுப்பூசி நாளும் குழந்தையின் அழுகையும்

திருப்பூரில் பனியன் தொழிலை நம்பி வாழும் குடும்பங்களுக்குச் சனிக்கிழமை மறக்கவொண்ணாத கிழமை. கூலி கைக்கு வரும் நாள் அது. கைக்குழந்தை உள்ள வீட்டிலோ புதன்கிழமையும் அதனோடு சேர்ந்துகொள்ளும். தமிழ்நாட்டின் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை நிலையங்களிலும் தடுப்பூசி போடும் நாள் புதன். குழந்தைக்கு ஊசி போடுவதைப் பற்றி மாணவர்களாகிய உங்களிடம் பேசுவானேன் என்று எண்ணுவீர்கள். தந்தை கட்டிங் மேசையைவிட்டு வர இயலாதபோது, குழந்தையோடு செல்லும் தாய்க்குத் துணையாகப் போவதும், அங்கே தரும் அட்டையைப் படித்துச் சொல்வதும் பெரும்பாலும் வீட்டில் படிக்கிற பிள்ளைதான். இவ்வட்டாரத்தில் குழந்தை மருத்துவனாக இருந்து நான் அறிந்தவற்றை உங்களுக்குச் சொல்வது அதனால்தான்.

பச்சிளங் குழந்தைக்கு வலி தெரியாது என்று மருத்துவ உலகமே நெடுங்காலம் நம்பியிருந்தது. மயக்க மருந்து போதிய அளவு தராமலே சிசுக்களுக்கு அறுவை செய்த காலமும் உண்டு. இந்தியாவிற் பிறந்த மருத்துவர் கன்வல்ஜீத் ஆனந்த், ஆக்ஸ்போர்டில் உடன் உழைத்தோருடன் ஆராய்ந்து, குறைமாதக் குழந்தையின் உடலும் அறுவையின் வலிக்குக் கடுமையாக எதிர்வினை புரிகிறது என்றும், வலி நீக்கும் மருந்து தந்தால் அது தணிகிறது என்றும் 1987-ல் காட்டினார். குழந்தை சொல்ல மாட்டாதே யொழிய, உணராமல் இல்லை. தாலாட்டிய நம் பாட்டிமார் இதை எந்த ஆய்வுக்கூடத்திலும் கற்கவில்லை என்பது வேறு செய்தி.

ஓர் ஊசியின் வலி நொடிப்பொழுதில் தீர்வதுதானே, அதைப் பெரிதுபடுத்துவானேன் என்று கேட்பவர் உளர். கணக்கை அந்தத் தாயின் பக்கத்திலிருந்து பாருங்கள். ஆறாவது வாரத்தில் குழந்தைக்கு வாய்வழிச் சொட்டு மருந்துகளோடு மூன்று ஊசிகள் போடுகிறார்கள். தொடைக்கு ஒன்றாக இரண்டு, வலக்கையில் ஒன்று. அன்றைய ஷிப்டின் கூலி போயிற்று. இரவெல்லாம் காய்ச்சலும் அழுகையும். ஒற்றை அறை வாடகை வீட்டில், சுவருக்கு அப்பால் இரவு ஷிப்ட் முடித்து வந்து உறங்குபவர் முணுமுணுக்கிறார். விடிந்ததும் வேலைக்கு ஓட வேண்டும். இப்படிப்பட்ட ஓரிரவைக் கண்ட தாய், பத்தாவது வாரத்தில் மறுபடியும் வரத் தயங்குவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், இரண ஜன்னி முதலிய ஐந்து நோய்களைத் தடுக்கும் ஊசியோ மூன்று முறை போட்டால்தான் முதற் காப்பு முழுமை பெறும். இதில் ஒரு வேடிக்கை: பத்தாவது வாரத்தில் போடுவது ஒரே ஓர் ஊசிதான்! இந்த ஒரு செய்தியை அவளிடம் முன்கூட்டியே சொல்வாரில்லை. பதினான்காவது வாரத்தில் மீண்டும் மூன்று.

ஊசிக்கு முன்பும், அது போடப்படும்போதும் தாய்ப்பால் கொடுப்பதே முதன்மையான மருந்து. பாலின் இனிமை, உறிஞ்சும் செயல், தாயின் மேனிச் சூடு மூன்றும் ஒருங்கே வலியைத் தணிக்கின்றன. உலக சுகாதார நிறுவனம் 2015-ல் வெளியிட்ட அறிவுரையிலும் இதற்கு இடமுண்டு. சொட்டு மருந்து தந்தபின் பால் கொடுக்கலாகாது என்று சிலர் தடுப்பர்; அதற்கு ஆதாரமில்லை. குழந்தையை மேசைமேல் மல்லாத்திக் கிடத்தி, கைகால்களை அமுக்கிப் பிடித்தால் அழுகை மிகும். மடியில் நிமிர்த்தி மார்போடு அணைத்து, தொடையை மட்டும் அசையாமல் பிடித்தல் நன்று. சொட்டு மருந்தை முதலிலும், மிகுதியாக எரியும் ஊசியைக் கடைசியிலும் தருமாறு செவிலியரை அன்போடு கேட்கலாம். போட்ட இடத்தைத் தேய்த்தல் கூடாது.

உடையைப் பற்றியும் ஒரு சொல். அயல்நாட்டுச் சிசுக்களுக்கென இன்டர்லாக் துணியில், கால்கவட்டில் டிச் பட்டன் வைத்து நம்மூரில் தைக்கிறார்களே, அதை நான் மெச்சுவதுண்டு. பட்டனைத் திறந்தால் தொடை வெளிப்படும்; மேலாடையைக் கழற்றிக் குளிரவைக்க வேண்டுவதில்லை. அத்தகைய உடையை நாளெல்லாம் தைக்கும் தாயின் குழந்தை, தடுப்பூசிக்கு நைலான் சரிகைக் கவுனில் வந்து வியர்ப்பதையும் பார்த்திருக்கிறேன். தளர்ந்த பருத்திப் பனியன் ஒன்று போதும்.

காய்ச்சல் வந்தால் உடல் தன் வேலையைக் கற்றுக்கொள்கிறது என்று கொள்க. ஐந்து நோய் ஊசிக்குப்பின் ஓரிரு நாள் காய்ச்சலும், தொடையில் சிறு வீக்கமும் இயல்பு. வீக்கத்தின்மேல் குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்த துணியை வைக்கலாம். சூட்டு ஒத்தடமும் மஞ்சளும் காப்பித்தூளும் வேண்டா. காய்ச்சல் வருமுன்பே பாராசிட்டமால் தருவதும் தேவையற்றது. செக் நாட்டுக் குழந்தைகளிடம் நடந்து 2009-ல் வெளிவந்த ஆய்வில், அவ்வாறு முன்கூட்டியே தந்தவர்களிடம் எதிர்ப்பொருள் சற்றுக் குறைவாகவே தோன்றியது. காய்ச்சல் கண்டபின், சுகாதார நிலையத்தார் எடைக்கேற்பக் கூறும் அளவில் கொடுக்கலாம். அது ஒரு கிலோ எடைக்கு 10 முதல் 15 மில்லிகிராம். மறுமுறை தர ஆறு மணி நேரமாவது கழிய வேண்டும்.

இங்கேதான் படித்தவராகிய உங்கள் கண் வேண்டும். சொட்டுப் புட்டியில் ஒரு மில்லி லிட்டருக்கு 100 மில்லிகிராம் மருந்து இருக்கும். வழக்கமான சிரப்பில் ஐந்து மில்லி லிட்டருக்கு 125. அதாவது சொட்டு மருந்து நான்கு மடங்கு வீரியமுடையது. ஒன்றுக்குச் சொன்ன அளவை மற்றொன்றில் ஊற்றினால் கேடு நேரும். சீட்டில் எழுதியிருப்பதையும் புட்டியில் அச்சிட்டிருப்பதையும் ஒப்பிட்டுப் படித்துத் தாருங்கள். அழும் குழந்தைக்கு வசம்பு உரைத்தோ, கிரைப் வாட்டரோ, தேனோ புகட்ட வேண்டா. ஓராண்டு நிறையாத சிசுவுக்குத் தேன் அரிதாயினும் கொடிய நரம்பு நோயைத் தரவல்லது.

அஞ்ச வேண்டுவனவும் சில உண்டு: மூன்று மணி நேரத்திற்கு மேல் ஓயாத வீறிடல், வலிப்பு, துவண்டு போதல், மூச்சுத் திணறல், பால் குடியாமை, 102 பாகையைத் தாண்டிய காய்ச்சல், இரண்டு நாளில் தணியாத காய்ச்சல். இவற்றைக் கண்டால் மருத்துவமனைக்கு விரைக. ஊசி போட்டதும் அரைமணி நேரம் அங்கேயே இருக்கச் சொல்வதும் உடனடி ஒவ்வாமையைக் கவனிக்கவே.

பிறந்தவுடன் இடக்கையிற் போடும் பி.சி.ஜி. ஊசி மட்டும் தனிப் போக்குடையது. சில வாரங்கள் கழித்துக் கொப்புளித்து, உடைந்து, தானே ஆறித் தழும்பாகும்; களிம்பு தடவலாகாது. ஒன்பதாம் மாதத்துத் தட்டம்மை-ரூபெல்லா ஊசிக்கோ காய்ச்சல் வருவதாயின், ஏழு முதல் பன்னிரண்டு நாள் கழித்து வரும்.

தீபாவளிக்கும் பொங்கலுக்கும் தொழிலாளர் பலர் சொந்த ஊர் செல்கின்றனர். ஒடிசாவுக்கும் பீகாருக்கும் செல்வோரும் உளர். பத்தாவது வாரம் அங்கே கழியுமானால் அங்கேயே ஊசி போட்டுக்கொள்ளலாம். அரசு தரும் இவ்வூசி நாடெங்கும் இலவசம். தமிழோ இந்தியோ எழுதப் படிக்கத் தெரியாத தாய்க்கு, அடுத்த தேதியை அட்டையில் வட்டமிட்டுக் காட்டி, அன்று ஒரே ஊசிதான் என்று நீங்கள் சொல்லியனுப்பினால், அவள் துணிப்பையில் அந்த அட்டையும் ஊருக்குச் செல்லும்.