அவள் சாவு யார் கணக்கில்?

2002 மே மாதம் அமெரிக்காவின் ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் '24' தொடரின் முதல் பருவம் முடிந்தது. ஒரே நாளின் 24 மணி நேரத்தை 24 அத்தியாயங்களில் சொன்ன தொடர் அது. நாயகன் ஜாக் பாவர் தீவிரவாதத் தடுப்புப் பிரிவு அதிகாரி. அந்த ஒரு நாளில் அவன் மனைவி டெரி கடத்தப்படுகிறாள், மகளைக் காப்பாற்றத் தானே வன்கொடுமைக்கு ஆளாகிறாள், கொஞ்ச நேரம் நினைவை இழக்கிறாள், தான் கருவுற்றிருப்பதை அறிகிறாள். இத்தனையையும் தாண்டிக் கணவனின் அலுவலகத்துக்கு உயிரோடு வந்து சேர்ந்தவளை, அவனோடு வேலை பார்த்த நீனா மையர்ஸே சுட்டுக் கொல்கிறாள். ஜாக் வரும்போது டெரி நாற்காலியில் கட்டப்பட்டிருக்கிறாள். வழக்கமாக அத்தியாய முடிவில் டிக் டிக் என்று ஒலிக்கும் கடிகாரம் அன்று ஒலியே இல்லாமல் ஓடியது. டெரி பிழைத்துக்கொள்வதாக இன்னொரு முடிவையும் படமெடுத்திருந்தார்கள். பிறகு அது டிவிடியில் வெளிவந்தது. இரண்டு முடிவுகளும் கையில் இருந்தன, சாவைத் தேர்ந்தெடுத்தார்கள். அடுத்த பருவம் தாடி வளர்ந்த, வேலையை விட்ட, மகளோடு ஒட்ட முடியாத ஜாக்கிலிருந்து தொடங்கியது. பிற்பாடு அவன் நேசித்த ரெனே வாக்கர் 2010-லும் ஆட்ரி 2014-லும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்.

ஆண் நாயகர்களின் தொடர்களில் பெண்கள் அதிகமாகச் சாகிறார்கள் என்ற குறை பழையது. அதைத் தலை எண்ணிச் சொல்வதோடு நிறுத்தினால் பாதி உண்மைதான் கிடைக்கும். சாவு இல்லாமல் துயரக் கதை இல்லை. பெண்ணைக் கொல்லவே கூடாது என்று எந்த எழுத்தாளரிடமும் யாரும் கேட்க முடியாது. கேட்க வேண்டியது, அந்தச் சாவு யார் கணக்கில் எழுதப்படுகிறது என்பதை. டெரி செத்ததால் டெரியின் வாழ்க்கையில் எது பாதியில் நின்றது? அவள் என்ன தொழில் செய்தாள், எதை ஆசைப்பட்டாள், யாரெல்லாம் அவளுக்கு வேண்டியவர்கள்? ஜாக்கின் துயரத்தைப் பருவம் பருவமாக அறிந்த ரசிகர்கூட இதற்குப் பதில் சொல்லத் திணறுவார். அவளுக்கென்று ஒரு காரியத்தைக் கதை கொடுக்கவே இல்லை. காரியம் இல்லாத பாத்திரத்தைக் கொல்வது சுலபம், கொன்ற பிறகு கதையில் ஓட்டை விழாது. யார் பிழைப்பார், யார் சாவார் என்பது இப்படித்தான் பெரும்பாலும் முதல் அத்தியாயத்திலேயே முடிவாகிவிடுகிறது.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது? ஒரு காரணம் தொலைக்காட்சியின் பழைய வியாபார முறை. 1959 முதல் 1973 வரை என்பிசியில் ஓடிய 'பொனான்சா' என்ற கௌபாய் தொடரில் பண்ணையார் பென் கார்ட்ரைட்டுக்கு மூன்று மகன்கள், மூவருக்கும் வேறு வேறு தாய், மூன்று தாய்மாரும் கதை தொடங்கும் முன்பே இறந்தவர்கள். ஒருத்தி பிரசவத்தை ஒட்டி, ஒருத்தி அம்பு பட்டு, ஒருத்தி குதிரையிலிருந்து விழுந்து. மகன்கள் காதலித்த பெண்களுக்கும் அதே கதி என்பதால் 'கார்ட்ரைட் சாபம்' என்று ரசிகர்கள் பெயரே வைத்துவிட்டார்கள். 1972-ல் கடைசி மகன் ஜோவுக்கு ஒருவழியாகக் கல்யாணம் செய்துவைத்து, கருவுற்ற மனைவியை அதே கதையில் கொன்றார்கள். வாராவாரம் தனிக்கதை சொல்லும் தொடரில் நாயகன் அடுத்த வாரம் பழைய நிலைக்கே திரும்பியாக வேண்டும். வந்த பெண் போயாக வேண்டும். ஊரை விட்டுப் போகலாம் அல்லது சாகலாம். சாவென்றால் நாயகன் மேல் பழி விழாது, கூடவே அவனுக்கு ஒரு சோகமும் கிடைக்கும். அந்த வாராந்திர அமைப்பு பெரும்பாலும் மறைந்து எவ்வளவோ காலமாகிவிட்டது. தொடர்ச்சியான ஒரே கதையை ஐந்தாறு பருவம் சொல்லும் காலத்திலும் பழக்கம் மட்டும் அப்படியே இருக்கிறது.

படக்கதை உலகில் இது முன்பே பேசப்பட்டுவிட்டது. 1994-ல் வந்த 'கிரீன் லேன்டர்ன்' இதழ் ஒன்றில் நாயகன் வீடு திரும்புகிறான். அவன் காதலியின் உடலை வில்லன் குளிர்சாதனப் பெட்டிக்குள் திணித்து வைத்திருக்கிறான். இப்படி நாயகனை உசுப்புவதற்காகவே கொல்லப்பட்ட, சிதைக்கப்பட்ட, சக்தி பறிக்கப்பட்ட பெண் பாத்திரங்களை 1999-ல் கெய்ல் சிமோன் பட்டியலிட்டார். பின்னாளில் அவரே பெயர்பெற்ற படக்கதை எழுத்தாளர் ஆனார். தமிழ் ரசிகருக்கும் இந்த இலக்கணம் புதிதல்ல. 'காக்க காக்க' (2003) மாயாவும் 'தெறி' (2016) மித்ராவும் அதன்படி செத்தவர்கள்தான்.

இதை நீண்ட காலம் வைத்துப் பார்க்க ஏற்றது 'சூப்பர்நேச்சுரல்'. 2005 முதல் 2020 வரை 15 பருவங்கள், 327 அத்தியாயங்கள். பேய், பிசாசுகளை வேட்டையாடும் டீன், சாம் என்ற அண்ணன் தம்பி கதை. முதல் அத்தியாயம் தொடங்கும்போது அவர்களின் தாய் மேரி, கைக்குழந்தை சாமின் தொட்டிலுக்கு மேலே, கூரையில் ஒட்டியபடி எரிந்து சாகிறாள். அத்தியாயம் முடியும்போது சாமின் காதலி ஜெசிக்கா அதே விதமாக, கூரையில் ஒட்டிய அதே கோலத்தில் எரிகிறாள். முதல் சாவு தகப்பனை வேட்டைக்கு அனுப்புகிறது, இரண்டாவது மகனை. மேரியும் வேட்டைக்காரக் குடும்பத்தில் பிறந்து அந்தத் தொழிலில் வளர்ந்தவள் என்பதை நான்காம் பருவத்தில்தான் சொன்னார்கள். செத்த பிறகுதான் அவளுக்கு ஒரு தொழில் வாய்த்தது. 2009-ல் ஜோ, எலன் என்ற மகளும் தாயும் சகோதரர்கள் தப்புவதற்காக ஒரு கடைக்குள் வெடிகுண்டோடு தங்கிச் செத்தார்கள். கடைசி அத்தியாயத்தில் டீன் இறந்துபோக, சாம் குடும்பம் நடத்திக் கிழவனாகிறான். அவன் மனைவி திரையில் வருவது மங்கிய பின்னணி உருவமாக மட்டுமே. முகமும் இல்லை, பெயரும் இல்லை. மகனுக்குப் பெயர் உண்டு, டீன். அத்தனை பெண்கள் செத்த தொடரில் நாயகனோடு வாழக் கிடைத்த ஒருத்திக்கு இவ்வளவுதான் இடம்.

இங்கே வழக்கமாக ஒரு மறுப்பு எழும். ஆண்களும்தானே சாகிறார்கள்? உண்மைதான். அந்தச் சகோதரர்களே எத்தனையோ முறை செத்துப் பிழைத்தவர்கள். மேரியையும் 2016-ல் உயிர்ப்பித்துக் கொண்டுவந்தார்கள், 2019-ல் மறுபடி கொன்றாலும். அதனால் நாயகர்களை விட்டுவிட்டு இரண்டு துணைப் பாத்திரங்களை மட்டும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே நியாயம். சகோதரர்களுக்குத் தகப்பன் ஸ்தானத்தில் இருந்த பாபி சிங்கர் 2011-ல் செத்தான். தலையில் குண்டு பாய்ந்து மயங்கிக் கிடக்கும் அவன் தன் நினைவுகளுக்குள்ளேயே ஓடி ஒளிகிறான். அடித்து உதைத்த அப்பா, மனைவியோடு நடந்த சண்டை, பையன்களோடு கழிந்த ஒரு சாயங்காலம் என்று ஒரு முழு அத்தியாயம் அவனுடைய சாவுக்கே ஒதுக்கப்பட்டது. சாகிறவன் கண் வழியாக அவன் வாழ்க்கையைப் பார்த்தோம். 2015-ல் சார்லி செத்தாள். கணினியில் கெட்டிக்காரி, பெண்களைக் காதலிப்பவள், ரசிகர்கள் கொண்டாடிய பாத்திரம். சாமுக்கு வேண்டிய ஒரு மறைகுறியை உடைத்து அனுப்பிவிட்டு, விடுதியின் குளியலறைக்குள் தனியாக மாட்டிக்கொள்கிறாள். கதவு உடைகிறது. அடுத்து நாம் பார்ப்பது சகோதரர்கள் ஓடி வருவதையும் தொட்டியில் கிடக்கும் ரத்தம் தோய்ந்த உடலையும்தான். அவளுடைய கடைசி நிமிடங்கள் நமக்குக் காட்டப்படவில்லை. டீனின் முகம் காட்டப்பட்டது. அடுத்த அத்தியாயம் முழுக்க அவன் பழிவாங்கல். பிறகு வேறோர் உலகத்துச் சார்லியைக் கொண்டுவந்து ஈடுகட்டப் பார்த்தார்கள், ஆனால் செத்தவளுக்குப் பாபிக்குக் கிடைத்த அத்தியாயம் கிடைக்கவில்லை. எத்தனை பேர் செத்தார்கள் என்ற கணக்கில் இந்த வித்தியாசம் தெரியாது. சாகும்போது கேமரா யார் பக்கம் நின்றது என்று பார்த்தால்தான் தெரியும்.

நடிகையே விலக விரும்பினால் வேறு என்ன செய்வது என்பது இன்னொரு மறுப்பு. 'ஸ்லீப்பி ஹாலோ' தொடரில் நாயகன் இகபாட் கிரேனுக்குச் சரிசமமான நாயகியாகத்தான் காவல் அதிகாரி ஆபி மில்ஸ் அறிமுகமானாள். 2016-ல் நிகோல் பெஹாரி தொடரை விட்டு விலகியபோது, ஆபி செத்தாள். சாகும் நேரத்தில், கிரேனை முன்னே கொண்டுபோய்ச் சேர்ப்பதே தன் வேலை, அது முடிந்தது என்ற பொருளில் அவளையே பேச வைத்தார்கள். மூன்று பருவம் அவளோடு பயணித்த ரசிகர்களுக்கு, குறிப்பாக ஒரு கறுப்பினப் பெண் நாயகியாக நிற்பதைக் கொண்டாடியவர்களுக்கு, இது எப்படி வலித்திருக்கும்! அவள் இல்லாமல் தொடர் ஒரே பருவம் ஓடி 2017-ல் நின்றது. இதற்கு நேரெதிராக, பெண்ணை நாயகியாகக் கொண்ட 'தி குட் வைஃப்' தொடரிலிருந்து ஜோஷ் சார்ல்ஸ் விலக விரும்பியபோது, அவர் நடித்த வில் கார்ட்னர் 2014-ல் நீதிமன்றத்தில் சுடப்பட்டுச் செத்தான். அந்தச் சாவும் நாயகியின் துயரத்துக்குப் பயன்பட்டதுதான். ஆனால் வில்லுக்கு ஒரு சட்ட நிறுவனம் இருந்தது, வழக்குகள் இருந்தன, எதிரிகள் இருந்தார்கள். அவன் போனதும் அத்தனையும் ஆட்டம் கண்டது. நடிகர் விலகுவது நிர்வாகச் சிக்கல். விலகுபவரின் பாத்திரத்தை எப்படி அனுப்புவது என்பது எழுதுபவரின் முடிவு, அதற்கு அவரே பொறுப்பு.

சாகாமல் பிழைத்தால் மட்டும் போதுமா? 'பிரேக்கிங் பேட்' (2008 முதல் 2013 வரை) தொடரில், நாயகன் வால்டர் ஒயிட்டின் கூட்டாளி ஜெஸ்ஸிக்குக் காதலிகள் இருவர். ஜேன் மயக்கத்தில் வாந்தி அடைத்துச் சாவதை வால்டர் ஒயிட் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருக்கிறான். ஆண்ட்ரியாவை அவள் வீட்டு வாசலில் சுடுகிறார்கள், ஜெஸ்ஸியைத் தண்டிப்பதற்காக, அவன் பார்க்கும்படி. வால்டரின் மனைவி ஸ்கைலர் பிழைத்தாள். ஆனால் அந்தத் தொடரில் ரசிகர்கள் மிகவும் வெறுத்த ஆள் ஆட்களைக் கொன்றவனல்ல, ஸ்கைலர்தான். அவளாக நடித்த அன்னா கன் 2013-ல் நியூயார்க் டைம்ஸில் இதைப் பற்றி எழுதினார். பாத்திரத்தின் மேல் இருந்த வெறுப்பு தன் மேலேயே திரும்பி, கொலை மிரட்டல் வரை போனதைச் சொன்னார். தொடரை உருவாக்கிய வின்ஸ் கில்லிகனும் இந்த வெறுப்பைப் பெண்வெறுப்பு என்றே வெளிப்படையாகச் சொன்னார். அவர் சொன்னது சரி, ஆனால் முழுமையல்ல. வால்டருக்குப் புற்றுநோய் என்பது ஸ்கைலருக்குத் தெரியும் முன்பே நமக்குத் தெரியும். அவன் போதைப்பொருள் காய்ச்சுவதும் அப்படியே. ரகசியத்தில் அவனோடு நாம் கூட்டாளிகள் ஆகிவிட்டோம். எங்கே போனாய், யாரோடு பேசினாய் என்று அவள் கேட்கும் ஒவ்வொரு நியாயமான கேள்வியும் நம் ஆட்டத்தைக் கெடுக்கும் இடையூறாகப் படுகிறது. வெறுத்தவர்கள் குற்றவாளிகள்தான், ஆனால் அவர்களை அந்த இருக்கையில் உட்கார வைத்தது கதை சொன்ன கோணம். ஜேனைக் கொன்றதும் ஸ்கைலரை வெறுக்க வைத்ததும் ஒரே கோணம்தான்.

இந்தக் கோணம் விதியல்ல என்பதற்கு நாயகன் மையமான தொடர்களிலேயே சான்று இருக்கிறது. 'மேட் மென்' டான் டிரேப்பரின் கதை. 2015-ல், கடைசிக்கு முந்தைய அத்தியாயத்தில், அவன் முன்னாள் மனைவி பெட்டிக்கு முற்றிய நுரையீரல் புற்றுநோய் என்று தெரிகிறது. சிகிச்சை வேண்டாம் என்று அவளே முடிவெடுக்கிறாள். உளவியல் படிக்கச் சேர்ந்த கல்லூரிக்கு வழக்கம்போல் போகிறாள். மாடிப்படியில் மூச்சு வாங்க மெதுவாக ஏறுகிறாள். மகள் சாலிக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுக்கிறாள். அடக்கத்தின்போது எந்த நீல உடை உடுத்த வேண்டும், எந்த உதட்டுச்சாயம், கூந்தலை எப்படி அலங்கரிக்க வேண்டும் என்ற விவரங்கள் அதில் இருக்கின்றன. தொலைபேசியில் டான் தான் வருவதாகச் சொல்லும்போது, வர வேண்டாம் என்கிறாள். வழக்கமான வாழ்க்கை மாறக் கூடாது, அந்த வழக்கத்தில் அவன் இல்லை. சாகப்போகும் பெண்தான் அவள். ஆனால் அந்தச் சாவை நாயகனின் துயரத்துக்குத் தர மறுக்கிறாள். 'பிரேக்கிங் பேட்'டின் முன்கதையான 'பெட்டர் கால் சால்' தொடரின் கிம் வெக்ஸ்லரோ பிழைத்தாள். 'பிரேக்கிங் பேட்' காலத்தில் அவள் காணப்படாததால், எப்படியும் செத்துவிடுவாள் என்று ரசிகர்கள் ஆறு பருவம் பயந்தார்கள். அவள் சாகவில்லை. தன் குற்றத்துக்குத் தானே தண்டனையாக வக்கீல் தொழிலை விட்டு ஃபுளோரிடா போகிறாள். பிறகு திரும்பி வந்து, அந்தக் குற்றத்தின் விளைவாகச் செத்தவனின் மனைவியிடம் உண்மையை எழுதிக் கொடுக்கிறாள். விமான நிலையப் பேருந்தில், அந்நியர்கள் நடுவே, உடைந்து அழுகிறாள். கேமரா வேறு யார் பக்கமும் போகாமல் அவள் முகத்திலேயே நிற்கிறது. 2022-ல் இந்த அத்தியாயத்தை எழுதி இயக்கியவர் அதே வின்ஸ் கில்லிகன்.

பெண் எழுத்தாளர்களைச் சேர்த்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பார்கள். சேர்க்கத்தான் வேண்டும், அது அவர்களுடைய உரிமை. ஆனால் 'சூப்பர்நேச்சுர'லை இரண்டு பருவங்கள் தலைமையேற்று நடத்தியவர் செரா கேம்பிள் என்ற பெண். கோணம் மாறாமல் ஆள் மட்டும் மாறினால் பழக்கம் தன் பாட்டில் நடக்கும்.

தமிழில் இப்போது வலைத்தொடர்கள் வரிசையாக வருகின்றன. 2022-ல் வந்த 'வதந்தி' ஒரு நல்ல தொடக்கம். காவல் அதிகாரி விவேக்காக எஸ்.ஜே. சூர்யா தாங்கிய அந்தத் தொடர், கொலையான வெலோனியை ஊரார் வாய்க்கு வந்தபடி சித்தரிப்பதையே குற்றமாக நிறுத்தியது. அப்போதும் அவளைப் பெரும்பாலும் மற்றவர்கள் சொல்லித்தான் அறிந்தோம். அடுத்த தொடர்களை எழுதுகிறவர்களிடம் கேட்பது இதுதான்: ஒரு பெண்ணைக் கதையில் கொல்லுங்கள், தேவையென்றால். அதற்கு முன் அவளுக்கென்று ஒரு காரியத்தைக் கொடுங்கள், அவள் போனதும் அந்தக் காரியம் கதையில் நின்றுபோவதைக் காட்டுங்கள். அது எழுத வரவில்லையென்றால், நாயகனின் கோபத்துக்கு வேறு காரணம் தேடுங்கள்.